4 வயதுக்கு டார்க் ரைடு சரிப்படுமா? உயரக் கட்டுப்பாடு இல்லை என்பதை மட்டும் நம்பலாமா?

மழைக்குருவி:

வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு ஒரு டிஸ்னி பார்க்குக்குப் போகிறோம். பெரியவனுக்கு 7 முடிந்துவிட்டது, சின்னவளுக்கு 4 வயது 2 மாதம். ரோலர் கோஸ்டர் வகையறாவில் எனக்குக் குழப்பமே இல்லை, உயரம் பத்தாது என்று அவர்களே நிறுத்திவிடுவார்கள். என் குழப்பமெல்லாம் இந்த டார்க் ரைடுகளில்தான். இருட்டுக்குள் வண்டியிலோ படகிலோ உட்கார வைத்து, பொம்மையும் வெளிச்சமும் சத்தமுமாக ஒரு கதையைக் காட்டிக்கொண்டே போவார்களே, அது. அங்கே பேய் வீட்டைச் சுற்றிக் காட்டுகிற ஹாண்டட் மேன்ஷன் ரைடுக்கு உயரக் கட்டுப்பாடே இல்லை, எந்த உயரமும் சரி என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் சின்னப் பிள்ளைகளுக்கும் ஏற்றது என்றுதானே அர்த்தம் என்கிறார் என் கணவர். நாத்தனாரோ, "விளக்குப் போடாமல் பக்கத்து அறைக்கே போகமாட்டாள், அவளைப் போய் பேய் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போவாயா" என்று கேட்கிறாள். இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது.

யூடியூபில் வீடியோ பார்த்தேன். எனக்கு ஒன்றும் பயமாக இல்லை, அழகாகக்கூட இருந்தது. ஆனால் எனக்கு 36 வயது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சின்னவளுக்கு டைனோசர் என்றால் உயிர், படத்தில் எவ்வளவு பெரிய பல்லைக் காட்டினாலும் சிரிப்பாள். ஆனால் பொதுக் கழிப்பறையில் கையை உலர்த்தும் மிஷின் ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவாள். பெரியவன் எதற்கும் பயமில்லை என்று சொல்லிக்கொண்டு திரிகிற ரகம். எதை வைத்து முடிவு செய்வது?


ஒற்றைச்சக்கரம்:

முதலில் உங்கள் கணவர் சொல்வதை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த உயரப் பலகை பயத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. உடம்பு இருக்கையில் நிற்குமா, மடியில் இறங்கும் கம்பி பிடிக்குமா, வண்டி குலுக்கினால் தலை எங்கேயாவது மோதுமா, இதற்கான பதில்தான் அது. கலிபோர்னியா டிஸ்னிலேண்டில் இருக்கும் இண்டியானா ஜோன்ஸ் ரைடுக்கு 117 செ.மீ. வேண்டும். அந்த வண்டி அப்படி ஆட்டி எடுக்கும், அதனால்தான். ஹாண்டட் மேன்ஷன் வண்டியோ நாம் நடக்கிற வேகத்தில்தான் ஊர்ந்து போகிறது, அதற்கு எதற்கு உயரம் பார்க்க வேண்டும்? ஆனால் உள்ளே போவதற்கு முன்பே ஒரு அறையில் எல்லோரையும் நிற்க வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். சுவர் நீண்டுகொண்டே போகும், சட்டென்று விளக்கு அணையும், இடி இடிக்கும், மேலே அண்ணாந்து பார்த்தால் உத்தரத்தில் ஒரு உடல் தொங்கும், அப்புறம் ஒரு அலறல். இவ்வளவுக்கும் இன்னும் வண்டியிலேயே ஏறவில்லை. 4 வயதுக்கு இது அதிகமா இல்லையா என்று உயரப் பலகை எப்படிச் சொல்லும்?

வீடியோ விஷயத்துக்கு வருகிறேன். பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அதை அப்படியே நம்பக் கூடாது. இருட்டில் எடுக்கும்போது கேமராக்காரர் வெளிச்சத்தை ஏற்றிவிடுவார், அதனால் உண்மையில் கரும் இருட்டாக இருக்கிற மூலையெல்லாம் வீடியோவில் தெளிவாகத் தெரியும். சத்தம் உங்கள் போன் ஸ்பீக்கர் அளவுக்குத்தான் கேட்கும், முகத்தில் அடிக்கும் காற்று, புகை வாசம், வண்டி பின்பக்கமாகச் சரிவது இதெல்லாம் வரவே வராது. (ஹாண்டட் மேன்ஷனில் ஒரு இடத்தில் வண்டி திரும்பிக்கொண்டு முதுகுப்பக்கமாக இறங்கும், வீடியோவில் அது தெரியவே தெரியாது.) இன்னொன்று, உச்சி வெயிலில் நின்றுவிட்டு உள்ளே போனால் கண் இருட்டுக்கு முழுசாகப் பழக 20, 30 நிமிடம் ஆகும். ரைடோ 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதனால் நீங்கள் வீடியோவில் பார்த்த இருட்டும் குழந்தை பார்க்கப்போகிற இருட்டும் ஒன்றில்லை. வீடியோவை எதற்குப் பார்க்கச் சொல்கிறேன் என்றால், எத்தனை இடத்தில் ஏதாவது திடீரென்று எட்டிப் பார்க்கிறது என்று எண்ணுவதற்கு. அதை எண்ணிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஹாண்டட் மேன்ஷனில் நடன மண்டபம் பெரிய காட்சி, ஆனால் தூரத்தில், கீழே நடக்கும், குழந்தைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். கல்லறைத் தோட்டத்தில்தான் தலைகள் சட் சட்டென்று எழும்பும்.

பெயரை வைத்தும் ஏமாறாதீர்கள், இது முக்கியம். டிஸ்னிலேண்ட் 1955இல் திறந்தபோது ஸ்னோ ஒயிட் ரைடும் கூடவே திறந்தது. பெயரைக் கேட்டால் இளவரசி, குள்ளர்கள், பாட்டு என்றுதானே நினைப்போம்? அன்றைக்கு அவர்கள் போட்ட கணக்கு, வண்டியில் உட்கார்ந்திருப்பவர்தான் ஸ்னோ ஒயிட். அதனால் அவள் உருவமே உள்ளே கிடையாது, சூனியக்காரி மட்டும் விடாமல் எதிரே வந்துகொண்டிருப்பாள். 1983இல் புதுப்பித்தபோது பெயரிலேயே 'பயங்கர' என்று சேர்த்தார்கள், குறைந்தபட்சம் அது நேர்மை. 2021இல் மறுபடி மாற்றி இதமாக்கிவிட்டார்கள். ஆனால் அந்த நடுவில் எத்தனை குழந்தைகள் இளவரசியைப் பார்க்கப் போய் சூனியக்காரியைப் பார்த்துவிட்டு வந்திருக்கும்!

உங்கள் சின்னவள் விஷயத்தில் எனக்கு டைனோசரை விட அந்தக் கை உலர்த்தும் மிஷின்தான் பெரிய துப்பு. அவளுக்கு உருவம் பிரச்சினை இல்லை, திடீர்ச் சத்தம்தான் பிரச்சினை. ஆக எலும்புக்கூடு இருக்கிறதா என்று தேடுவதை விட்டுவிட்டு இடி, பீரங்கி, அலறல் எங்கே வருகிறது என்று பாருங்கள். காதை மூடும் ஹெட்போன் ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், அது பாதி ரைடுகளைக் காப்பாற்றும்.


அரைக்கால்சட்டை:

இவ்வளவு ஆராய்ச்சி தேவையா என்று தோன்றுகிறது, தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பேய் ரயில் என்பதே பயப்படுவதற்காகக் கட்டியதுதான். அமெரிக்காவில் 1928லேயே பிரெட்செல் என்ற கம்பெனி இருட்டுக்குள் ஒற்றைத் தண்டவாளம் போட்டு வளைத்து வளைத்து வண்டி விட்டது, 1930இல் இங்கிலாந்தில் பிளாக்பூலில் கோஸ்ட் ட்ரெயின் வந்தது. நாலு தலைமுறைக் குழந்தைகள் உள்ளே போய்க் கத்திவிட்டு, வெளியே வந்து "இன்னொரு தடவை" என்று கேட்டிருக்கின்றன. கொஞ்சம் பயப்படட்டுமே. அப்பா மடி இருக்கிறது, 8 நிமிடத்தில் வெளியே வந்துவிடப் போகிறோம். எல்லாவற்றையும் வடிகட்டிக் கொடுத்தால் அப்புறம் எப்போதுதான் பழகும்?

அழுதால் "அதெல்லாம் நிஜமில்லைடா, பொம்மை" என்று சொன்னால் முடிந்தது.


நிலாப்பாட்டி:

அரைக்கால்சட்டை தம்பி, முதல் பாதியோடு எனக்குச் சண்டை இல்லை. பயந்து சிரிப்பதும் ஒரு சுகம்தான். ஆனால் அந்தக் கடைசி வரி 7 வயதுப் பையனிடம் எடுபடும், 4 வயதிடம் எடுபடாது. நான் 20 வருடத்துக்கு மேல் மழலையர் வகுப்பு எடுத்தவள். "பொம்மைதான்" என்று சொன்னால் தலையை ஆட்டும், ஆமாம் பொம்மை என்று திருப்பிச் சொல்லும், ராத்திரி அந்தப் பொம்மை கட்டிலுக்கு அடியில் இருக்கும். அந்த வயதில் பொம்மை என்பதும் அது என்னைப் பிடித்துவிடும் என்பதும் ஒரே மண்டைக்குள் சண்டை போடாமல் குடியிருக்கும்.

ஜோஆன் கேன்டர் என்ற அமெரிக்கப் பேராசிரியை திரையில் பார்ப்பது குழந்தைகளை எப்படிப் பயமுறுத்துகிறது என்பதைப் பல வருடம் ஆராய்ந்தவர். அவர் கவனித்ததில் ஒன்று, ஹல்க் தொடரைப் பார்த்த சின்னப் பிள்ளைகளை ரொம்பப் பயமுறுத்தியது எது என்றால் அந்த மனிதர் பச்சை அரக்கனாக மாறுகிற இடம். ஹல்க் நல்லவன், காப்பாற்ற வருகிறான் என்பது பெரிய பிள்ளைகளுக்குப் புரிகிறது. சின்னதுகளுக்குக் கண்ணில் படுகிற தோற்றம்தான் எல்லாம், முகம் மாறினால் ஆளே மாறிவிட்டான். அதனால் ரைடில் ஓவியம் எலும்புக்கூடாக மாறுவது, கண்ணாடியில் திரும்பிய ராணி கிழவியாவது, இந்த மாதிரிக் காட்சிகளைத்தான் 4 வயதுக்கு நான் முதலில் கவனிப்பேன். சும்மா நிற்கிற அரக்கன் பரவாயில்லை. டைனோசர் அவளுக்குப் பிடிப்பதும் அதனால்தான் இருக்கலாம், அது காலையிலும் டைனோசர், மாலையிலும் டைனோசர்.

பெரியவர்களுக்கு வேறு மாதிரி. 7, 8 வயதில் பொம்மையைப் பார்த்துச் சிரிப்பார்கள், ஆனால் "இப்படி நடக்க முடியுமா" என்கிற பயம் உள்ளே புகும். படகு கவிழுமா, நாம் இங்கேயே மாட்டிக்கொண்டால்? மழைக்குருவி, எதற்கும் பயமில்லை என்று திரிகிற உங்கள் மூத்தவனையும் கொஞ்சம் கவனியுங்கள். அப்படிச் சொல்லிவிட்ட பிள்ளைக்கு வரிசையில் நின்று பின்வாங்குவது ரொம்பக் கஷ்டம். தங்கை இருக்கும்போது "அண்ணன் பயப்படமாட்டான்" என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள்.

சின்னவளுக்கு எது உதவும் என்றால், கையைப் பிடித்துக்கொள்வது, முகத்தை உங்கள் தோளில் புதைத்துக்கொள்ள விடுவது, முன்கூட்டியே கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டிப் பழக்குவது. விளக்கம் கடைசியில்தான்.


இரவல்பேனா:

கொஞ்ச காலம் ஒரு பார்க்கில் டார்க் ரைடு ஆபரேட்டராக இருந்தேன், எந்தப் பார்க் என்பது வேண்டாம். வண்டி ஏற்றுகிற மேடையில் நின்றால் ஒரு நாளைக்கு எத்தனை முகம் பார்ப்போம் தெரியுமா. அந்த மேடையிலிருந்து சில விஷயங்கள்.

குழந்தை மேடையில் அழ ஆரம்பித்தால் உள்ளே போய் நிறுத்தாது. பெற்றோர் பலர் 40 நிமிடம் வரிசையில் நின்றுவிட்டோமே என்று கண்ணை மூடிக்கொண்டு ஏற்றிவிடுவார்கள். வேண்டாம். கம்பி இறங்குவதற்கு முன்பு எப்போது வேண்டுமானாலும் திரும்பிப் போகலாம், எந்த ஆபரேட்டரும் உங்களைக் கேவலமாகப் பார்க்கமாட்டார், பக்கத்தில் வெளியேறுகிற கதவைக் காட்டிவிடுவார். எங்களுக்கு அது தினசரி வேலை. ஓடிக்கொண்டிருக்கிற ரைடை நடுவில் நிறுத்துவதுதான் தலைவலி, அதுவும் குழந்தை அழுகிறது என்பதற்காகச் சாதாரணமாக நிறுத்தமாட்டார்கள்.

நிற்பது என்று சொன்னதும் இன்னொன்று. டார்க் ரைடு நடுவில் நின்றுபோவது அபூர்வம் இல்லை. ஹாண்டட் மேன்ஷன் மாதிரி வண்டிகள் எல்லாம் ஒரே சங்கிலியாகக் கோத்திருக்கிற ரைடுகளில், நடக்கச் சிரமப்படுகிற ஒருவரை ஏற்றுவதற்குச் சங்கிலியை மெதுவாக்கினாலோ நிறுத்தினாலோ மொத்த வரிசையும் நிற்கும். சில சமயம் ஒரு பயங்கர உருவத்துக்கு நேர் எதிரே நின்றுவிடும், அது அதே சிரிப்பைத் திரும்பத் திரும்பச் சிரித்துக்கொண்டிருக்கும். இதை முன்கூட்டியே குழந்தையிடம் சொல்லி வையுங்கள், "நடுவில் வண்டி ரெஸ்ட் எடுக்கும், மறுபடி கிளம்பும்" என்று. என்ன ஆனாலும் நீங்களாக இறங்காதீர்கள். பெரிய கோளாறு என்றால் வேலை விளக்கு எல்லாம் போட்டுவிடுவார்கள், கறுப்புப் பெயின்ட் அடித்த சுவரும் ஒயரும் தெரியும். சில குழந்தைகளுக்கு அதுதான் அன்றைக்கு மறக்க முடியாத காட்சி, நிஜமாகவே.

எங்கே உட்காருவது என்பதும் விஷயம்தான். படகில் ஓரத்தில் உட்கார வைக்காதீர்கள், பெரியவர்கள் இருவருக்கும் நடுவில் வையுங்கள். முதல் வரிசை வேண்டாம், எல்லாம் நேராக முகத்துக்கு வரும். ஹாண்டட் மேன்ஷனில் அந்தக் கறுப்புக் கூடு மாதிரி வண்டி பக்கத்துப் பார்வையை மறைத்துவிடும், அதனால் அடுத்த வண்டியில் இருக்கிற அண்ணன் கண்ணில் படமாட்டான். இதை நினைவில் வைத்து யார் யாரோடு உட்காருவது என்று வரிசையிலேயே பேசி முடித்துவிடுங்கள். டிஸ்னியில் 7 வயதுக்குக் கீழே இருப்பவர்களோடு 14 வயதோ அதற்கு மேலோ உள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும், ஆக அண்ணனையும் தங்கையையும் மட்டும் சேர்த்து ஏற்றிவிடலாம் என்ற யோசனை இருந்தால் அது நடக்காது.

ஒருவர் வெளியே சின்னவளோடு நின்றுகொண்டு, இன்னொருவர் பெரியவனைக் கூட்டிப் போய் வந்ததும், மறுபடி முழு வரிசையும் நிற்காமல் மாற்றிக்கொள்கிற வசதி உயரக் கட்டுப்பாடு இருக்கிற ரைடுகளில் பொதுவாக உண்டு. வரிசையின் வாயிலிலேயே கேட்டுவிடுங்கள், உள்ளே போன பிறகு கேட்டால் பயனில்லை.


மழைக்குருவி:

எல்லோருக்கும் நன்றி. கணவரிடம் உயரப் பலகை விஷயத்தைப் படித்துக் காட்டினேன், "சரி, சரி" என்றார், அவர் வாயில் அது பெரிய வார்த்தை. நிலாப்பாட்டி சொன்னதைக் கேட்டு நேற்று மூத்தவனிடம் தனியாகப் பேசினேன். கொஞ்ச நேரம் கழித்து "அந்தப் படகு இருட்டில் கீழே விழுமாமே, நிஜமா" என்று கேட்டான். நண்பன் யாரோ சொல்லியிருக்கிறான். பைரேட்ஸ் ஆஃப் த கரீபியனைத்தான் கேட்கிறான் என்று நினைக்கிறேன். அது எவ்வளவு? அப்புறம், எந்த ரைடிலிருந்து ஆரம்பிப்பது?


ஒற்றைச்சக்கரம்:

விழாது, சறுக்கும். கலிபோர்னியாவில் 1967இல் கட்டியதில் இரண்டு சறுக்கல், புளோரிடாவில் ஒன்றுதான், 14 அடி. இரண்டு இடத்திலும் உயரக் கட்டுப்பாடு இல்லை. கண நேரம்தான், ஆனால் இருட்டில் வருவதால் எவ்வளவு ஆழம் என்று தெரியாது, பயமே அங்கேதான். ஆகவே மகனுக்கு எண்ணைச் சொல்லிவிடுங்கள், எண் தெரிந்தால் அந்த வயதுக்குப் பாதி நிம்மதி. சின்னவளுக்கு பைரேட்ஸ் சத்தம்தான் யோசிக்க வேண்டியது, கப்பலுக்கும் கோட்டைக்கும் நடுவில் பீரங்கிச் சண்டை நடக்கும், படகு அதற்கு நடுவே போகும். ஹெட்போன்.

இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டில் ஆரம்பியுங்கள். 1964இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகக் கட்டி, பிறகு 1966இல் டிஸ்னிலேண்டுக்கு வந்த பழைய படகு ரைடு. உள்ளே வெளிச்சமும் பாட்டும் பொம்மைகளும்தான், யாரும் குதித்து வரமாட்டார்கள். (அந்தப் பாட்டு மூன்று நாள் உங்கள் மண்டையை விட்டுப் போகாது, அது வேறு கொடுமை.) படகு உள்ளே நுழையும்போது அவள் உங்கள் கையை எப்படிப் பிடிக்கிறாள் என்று பாருங்கள். உள்ளே போனதும் பிடி தளர்ந்தால் அடுத்து பீட்டர் பேன், அதில் கப்பல் மேலே பறக்கும், நட்சத்திரமும் ஊர் விளக்குகளும் கீழே தெரியும், இருட்டையே அழகாகக் காட்டுகிற ரைடு. கடைசிவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். ஹாண்டட் மேன்ஷனை நாள் முடிவில், களைத்து, பசியோடு இருக்கும்போது வைக்காதீர்கள். அதே குழந்தை, அதே ரைடு, காலையில் சிரிப்பு, மாலையில் அழுகை, நான் பார்த்திருக்கிறேன்.


இரவல்பேனா:

ஹாண்டட் மேன்ஷன் பற்றி யாரும் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை, கடைசிக் காட்சி. அந்த வீட்டில் 999 பேய்கள் இருக்கின்றன, இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது என்பதுதான் ரைடின் கதையே. முடியும்போது வண்டி ஒரு கண்ணாடி முன்னால் போகும், உங்கள் வண்டியில் உங்கள் பக்கத்திலேயே ஒரு பேய் உட்கார்ந்திருப்பது தெரியும், அது உங்களோடு வீட்டுக்கு வரப்போகிறது என்று குரல் சொல்லும். நமக்குச் செம சிரிப்பு. அதை அப்படியே நம்புகிற வயதுக்கு யோசித்துப் பாருங்கள். உள்ளே நடந்தது உள்ளேயே முடியவில்லை, வீட்டுக்கு வருகிறது!


நிலாப்பாட்டி:

அது எனக்குத் தெரியும், என் பேத்தியை ஏற்றுவதற்கு முன்பே யோசித்து வைத்திருந்தேன். அவளுக்கு அப்போது 5 வயது. பேயெல்லாம் இல்லை என்று நான் சொல்லவே இல்லை. "கடைசியில் ஒருத்தன் ஓசியில் வண்டியில் ஏறிக்கொள்வான், நாம் இறங்கும்போது அவனை இறக்கிவிட்டுவிட்டுத்தான் வரவேண்டும், மறந்துவிடாதே" என்று பொறுப்பை அவளிடமே கொடுத்துவிட்டேன். ரைடு முழுக்க அதே நினைப்பு. கண்ணாடியில் அவனைப் பார்த்ததும் "ஏறிட்டான் பாட்டி" என்றாள். இறங்கியதும் திரும்பி நின்று, விரலை நீட்டி, "இறங்கு, எங்கள் வீட்டில் இடம் இல்லை" என்று சொல்லிவிட்டு வந்தாள். பின்னால் வந்தவர்கள் சிரித்தார்கள், அவள் சிரிக்கவே இல்லை, வேலையில் இருந்தாள்.

ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.


அரைக்கால்சட்டை:

சரி பாட்டி, "பொம்மைதான்" என்பதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.


மழைக்குருவி:

நேற்று சின்னவளிடம் ஒத்திகை பார்த்தோம். விளக்கை அணைத்துவிட்டு, கட்டில் மேல் போர்வையைக் கூடாரமாகப் போட்டு, அவள் அப்பாதான் பேய். "இறங்கு, இடம் இல்லை" என்று சொல்லச் சொன்னால், அவரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு "நீ மட்டும் இருந்துக்கோ" என்று சொல்லிவிட்டாள். இப்போதைக்கு ஹாண்டட் மேன்ஷனை அங்கே போய் ஸ்மால் வேர்ல்ட் பார்த்த பிறகு முடிவு செய்கிறோம். ஹெட்போன் ஆர்டர் போட்டாயிற்று.